வானத்துக் கண்ணும் அடங்கல் ஏடும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் நின்று நீங்கள் எப்போதாவது சமவெளியைப் பார்த்ததுண்டா? இல்லையென்றால், ஒரு விடுமுறை நாளில் வெயில் ஏறுமுன் ஏறிப் பாருங்கள். காலடியில் ஊர். ஒருபுறம் சிறுமலை, மேற்கே தொலைவில் கொடைக்கானல் மலைத்தொடர். இடைப்பட்ட வெளியெல்லாம், சின்னாளப்பட்டிக் கட்டம் போட்ட சேலையை விரித்துக் காயப்போட்டதுபோல, பச்சையும் பழுப்பும் செம்மண் நிறமுமாகக் கட்டம் கட்டமாகத் தெரியும்.

ஆண்டுதோறும் முதலாண்டு இயற்பியல் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வது என் வழக்கம். ஒரு பச்சைக் கட்டத்தைச் சுட்டிக் காட்டி, "அது என்ன பயிர்?" என்று கேட்பேன். "மக்காச்சோளம்" என்பான் ஒருவன். "இல்லை, நாட்டுச் சோளம்" என்பாள் இன்னொருத்தி. சச்சரவு முற்றும். பிறகு கீழே இறங்கி, வெயிலில் நடந்து போய்ப் பார்ப்போம். ஒருமுறை இருவருமே தோற்றார்கள். அது முருங்கைத் தோப்பு.

தொட்டுப் பார்க்காமல், தொலைவில் இருந்தபடியே ஒரு பொருளை அறிந்துகொள்வதைத் தொலையுணர்தல் என்கிறோம். மலையுச்சியில் நாங்கள் செய்ததும் அதுதான். இதே வேலையைச் சுமார் 786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 துணைக்கோள்கள் செய்கின்றன. நம் நாட்டின் ரிசோர்ஸ்சாட் வரிசைத் துணைக்கோள்களும் செய்கின்றன. துணைக்கோள் எப்படிப் படம் எடுக்கிறது என்பதைப் பற்றி நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். நான் பேச வந்தது வேறு. எடுத்த படம் எங்கே போகிறது? யார் மேசையில் அது வந்து அமர்கிறது? ஒரு பெரிய நிறுவனம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது? இந்த இடத்தில்தான் அறிவியல் தடுக்கி விழுகிறது என்பது என் கருத்து.

ஓர் உண்மையான நிறுவனத்தையும் உண்மையான வேலையையும் எடுத்துக்கொள்வோம். பயிர்க் காப்பீடு. இந்தத் துறைக்கென்றே 2002-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய வேளாண் காப்பீட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2016 முதல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. உணவுப் பயிருக்கும் எண்ணெய் வித்துக்கும் காரிப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, ரபி பருவத்தில் 1.5 விழுக்காடு உழவர் கட்டுகிறார். பிரிமியத்தின் எஞ்சிய பகுதியை அரசுகள் ஏற்கின்றன. விளைச்சல் குறைந்தால் இழப்பீடு. சொல்ல எளிது. ஆனால் விளைச்சல் குறைந்தது என்பதை யார், எப்படி அளப்பது?

ஒவ்வோர் உழவரின் வயலையும் தனித்தனியே அளப்பது ஆகாத காரியம். அதனால் பேராசிரியர் வி.எம். தாண்டேகர் ஒரு வழி சொன்னார்: ஒரு வட்டாரத்தை ஒரே அலகாகக் கொள்ளுங்கள், அந்த அலகின் சராசரி விளைச்சல் குறைந்தால் அங்குள்ள காப்பீடு செய்த அனைவருக்கும் ஒரே விகிதத்தில் இழப்பீடு கொடுங்கள். 1979-இல் இந்த முறையில் முன்னோடித் திட்டம் ஒன்று தொடங்கியது. இன்றைய திட்டத்திலும் விளைச்சல் இழப்புக்கு அடிப்படை இதுவேதான். அலகு மட்டும் சுருங்கிக் கிராம அளவுக்கு வந்திருக்கிறது.

அலகின் சராசரியை அறியப் பயிர் அறுவடைச் சோதனை செய்கிறார்கள். சமவாய்ப்பு எண்களைக் கொண்டு ஒரு வயலைத் தேர்ந்தெடுப்பார்கள். நெல் என்றால் அதில் 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத்துக்குக் கயிறு கட்டி, அந்தச் சதுரத்துக்குள் இருக்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். இந்தச் சதுரத்துக்குப் பின்னே சுவையான ஒரு வரலாறு உண்டு. 1920-களில் பீகார், ஒரிசாப் பகுதியில் ஹப்பக் என்ற அதிகாரி சிறு சிறு துண்டுகளை அறுத்து நெல் விளைச்சலை மதிப்பிடத் தொடங்கினார். பின்னர் கல்கத்தாவில் மகாலநோபிஸ் சிறு வட்டங்களை அறுத்தால் போதும் என்றார். பி.வி. சுகாத்மே மறுத்தார்: துண்டு மிகச் சிறியதானால், எல்லைக் கோட்டில் நிற்கும் செடிகளையும் அறுப்பவர் உள்ளே சேர்த்துவிடுவார், விளைச்சல் கூடுதலாகத் தெரியும் என்றார். வட்டத்துக்குச் சுற்றளவு, சுற்றளவில் பிழை. உங்கள் வடிவியல் பாடத்தை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்: பரப்பு குறையக் குறைய, பரப்புக்கும் சுற்றளவுக்கும் உள்ள விகிதம் என்ன ஆகிறது? வயலில் நடந்த அந்தச் சண்டையின் முழு உட்பொருளும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

இப்போது ஒரு கணக்கு. முக்கியமான பயிர் ஒன்றுக்கு ஒரு கிராம அலகில் குறைந்தது 4 சோதனைகள் என்பது திட்டத்தின் விதி. ஒரு சோதனைக்கு 25 சதுர மீட்டர். நான்கும் சேர்ந்து 100 சதுர மீட்டர். ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 40.5 சதுர மீட்டர். ஆக, இரண்டரை சென்ட் நிலத்தை அறுத்துப் பார்த்து ஒரு கிராமத்தின் இழப்பீட்டை முடிவு செய்கிறோம்! அந்த நான்கு துண்டுகளும் உண்மையாகவே சமவாய்ப்பில் அமைந்து, உண்மையாகவே எடை போடப்பட்டால் இதில் பெரிய தவறில்லை. புள்ளியியல் அதைத் தாங்கும். ஆனால் அறுவடை எல்லா ஊர்களிலும் ஒரே வாரத்தில் வரும். ஆட்கள் குறைவு. சமவாய்ப்பு எண் காட்டிய வயல் சாலையிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருக்கும். சாலையோர வயலோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மனிதன் மனிதன்தானே?

இந்த இடத்தில்தான் துணைக்கோள் நுழைகிறது. தற்செயலாக, சென்டினல்-2 படத்தின் மிகச் சிறிய கட்டமும், அதாவது பிக்சல் என்று சொல்கிறோமே அதுவும், 10 மீட்டருக்கு 10 மீட்டர்; அதே 100 சதுர மீட்டர். மனிதர்கள் ஒரு பருவத்தில் ஒரு கிராமத்தில் அறுத்துப் பார்க்கும் மொத்தப் பரப்பும் துணைக்கோளுக்கு ஒரே ஒரு கட்டம். ஒரு ஏக்கரில் அதுபோல் 40 கட்டங்கள். இரண்டு துணைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை எல்லாக் கட்டங்களையும் பார்த்துவிடுகின்றன. 1988 மார்ச் 17-இல் நாம் அனுப்பிய முதல் ஐ.ஆர்.எஸ். துணைக்கோளின் ஒரு படக்கருவிக்குக் கட்டம் 72.5 மீட்டராக இருந்தது. ஒரு கட்டத்துக்குள் ஒன்றேகால் ஏக்கர் அடங்கிவிடும். ஓர் உழவரின் நிலம் முழுதும் அதில் ஒரு புள்ளி. இந்த முப்பத்தைந்து ஆண்டு வளர்ச்சியை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

துணைக்கோள் பச்சையை எப்படி அறிகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலையிலுள்ள பச்சையம் சிவப்பொளியை உணவு சமைக்க உறிஞ்சிக்கொள்கிறது. அதற்கு அடுத்துள்ள அண்மை அகச்சிவப்புக் கதிர் இலைக்கு வேண்டாத சரக்கு. இலையின் உள்ளமைப்பு அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடுகிறது. செழித்த பயிர், விழும் சிவப்பொளியில் 5 விழுக்காட்டையும் அகச்சிவப்பில் 45 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புவதாகக் கொள்வோம். இரண்டின் வேறுபாட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 40/50, அதாவது 0.8. வெறும் மண் 20-ம் 28-ம் அனுப்பினால் 8/48, சுமார் 0.17. பயிர் வாடும்போது சிவப்பு கூடும், அகச்சிவப்பு குறையும், எண் இறங்கும். இந்த எண்ணுக்குத் தாவரப் பச்சைக் குறியீடு என்று பெயர் வைத்துக்கொள்வோம். இந்த உத்தி நமக்குப் புதிதன்று. கேரளத்தின் தென்னைகளைத் தாக்கிய வாடல் நோயை, அகச்சிவப்பு உணரும் படச்சுருளைக் கொண்டு வானிலிருந்து படமெடுத்து ஆராயும் வேலையைப் பேராசிரியர் பிஷரொட்டி 1970-ஆம் ஆண்டு வாக்கிலேயே தொடங்கி வைத்தார். இந்தியத் தொலையுணர்தலின் தொடக்கம் ஒரு தென்னந்தோப்பில் என்றே சொல்லலாம்.

சரி, படமும் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது. அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததா?

என் தாயாரின் ஊர் வேடசந்தூர்ப் பக்கம். தாய்மாமன் மானாவாரியில் சோளம் போட்டிருந்தார். அந்த ஆண்டு மழை பாதியில் நின்றுவிட்டது. பயிர் கருகியது. பக்கத்துப் புஞ்சை பல ஆண்டுகளாகத் தரிசு. சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. மார்கழி விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, யாரும் கட்டணமின்றிப் பார்க்கக்கூடிய சென்டினல் படத்தை என் மடிக்கணினியில் திறந்து, பச்சைக் குறியீட்டைக் கணக்கிட்டு மாமாவுக்குக் காட்டினேன். மாமாவின் நிலம் வெளிறிக் கிடந்தது. கருவேலங்காடு பசேலென்று இருந்தது. மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "ஏன் மாப்ள, மேல இருந்து பாத்தா முள்ளுக்காடுதான் நல்ல வெள்ளாமையா?"

நான் வாயடைத்துப் போனேன். எம்.எஸ்ஸி. படித்த எனக்குத் தோன்றாத கேள்வி அது. இப்படி எண்ணிப் பாருங்கள்: பருவ முடிவில் ஓர் அலுவலகம் ஒரே ஒரு படத்தை வாங்குகிறது. அந்த ஊரில் பாதிப் புஞ்சை தரிசாகி முள் மண்டியிருக்கிறது. கட்டங்களின் சராசரியைக் கணக்கிட்டால் ஊர் செழிப்பாகத் தெரியும். கருகிய சோளத்துக்கு இழப்பீடு கிடைக்காது. துணைக்கோள் பொய் சொல்லவில்லை. பச்சை இருக்கிறது என்றுதான் சொன்னது. அதை விளைச்சல் என்று படித்தது நாம்.

இதற்கு இயற்பியலில் விடை இருக்கிறது. ஒரு படத்தைப் பார்க்காதீர்கள். பருவம் முழுதும் வந்த படங்களை வரிசையாகப் பாருங்கள். சோளத்தின் குறியீடு விதைப்புக்குப் பிறகு ஏறும், பூக்கும் காலத்தில் உச்சிக்குப் போகும், கதிர் முற்றும்போது இறங்கும். சுமார் நூறு நாளில் ஒரு குன்றுபோல வரைபடம் அமையும். கருவேலத்துக்கு அந்தக் குன்று கிடையாது. கோடையிலும் அது பசுமையாக நிற்கும். வரைபடம் மேட்டு நிலம்போல நீளும். குன்றையும் மேட்டு நிலத்தையும் ஒரு பத்தாம் வகுப்பு மாணவன் பிரித்துச் சொல்லிவிடுவான். ஆனால் அந்த வரைபடம் வேண்டுமென்றால், அலுவலகம் விதைப்பு நாளிலிருந்தே படங்களை வாங்கி, அடுக்கி, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். படம் வாங்குவது வேறு, படம் பார்ப்பதை வேலையொழுங்கின் ஒரு பகுதியாக்குவது வேறு. முதலாவதற்குப் பணம் போதும். இரண்டாவதற்கு ஓர் ஆள், ஒரு நாள்குறிப்பு, ஒரு பொறுப்பு வேண்டும்.

இன்னொரு சிக்கல், நிலத்தின் அளவு. இதை நீங்களே செய்து பாருங்கள். ஒரு வரைபடத் தாளில் 1 சென்டிமீட்டர் கட்டங்களை மையால் அழுத்தி வரையுங்கள்; ஒவ்வொன்றும் 10 மீட்டர் கட்டம். ஒரு கண்ணாடித் தாளில் 2.8 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம் ஒன்றை வரைந்து வெட்டுங்கள்; அது 28 மீட்டர் சதுரம், அதாவது ஏறத்தாழ 20 சென்ட் நிலம். அதைக் கட்டங்களின் மேல் பக்கங்கள் இணையாக இருக்கும்படி விருப்பம்போல் வைத்து, முழுமையாக உள்ளே அடங்கும் கட்டங்களை எண்ணுங்கள். பரப்பின்படி எட்டுக் கட்டங்கள் இருக்க வேண்டும். ஆனால் முழுக் கட்டங்கள் நான்குக்கு மேல் கிடைக்காது. சில வேளை ஒன்றுதான் கிடைக்கும். சதுரத்தைச் சாய்த்து வைத்தும் பாருங்கள். மற்றவையெல்லாம் பாதி உங்கள் நிலம், பாதி பக்கத்து நிலம், இடையே வரப்பும் வேப்பமரமும். சுகாத்மே சொன்ன எல்லைப் பிழை விண்வெளிக்குப் போயும் நம்மை விடவில்லை, பார்த்தீர்களா?

இத்துடன் புலப்படத்தின் பிழையும் சேரும். நம் சர்வே எண்ணுக்குரிய புலப்படங்கள் சங்கிலி பிடித்து அளந்து, ஒவ்வொரு புலத்துக்கும் தனித்தனியே வரையப்பட்டவை. அவற்றில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இல்லை. அவற்றை ஒன்றோடொன்று ஒட்டித் துணைக்கோள் படத்தின் மேல் படியவைக்கும்போது சில மீட்டர் நகர்ந்துவிடும். அலுவலர் வயலில் நின்று கைப்பேசியில் பதியும் இடக்குறிப்பிலும் சில மீட்டர் பிழை உண்டு. நூறு ஏக்கர்ப் பண்ணைக்கு இது ஒரு பொருட்டே அன்று. 20 சென்ட் சின்ன வெங்காயத்துக்கு ஐந்து மீட்டர் நகர்ந்தால் கணிசமான பகுதி வேறொருவர் நிலம்.

மேகத்தையும் மறந்துவிடக்கூடாது. நமக்கு மழை தருவதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையுடையது. ஐப்பசி, கார்த்திகையில் பயிர் வளரும் அதே நாட்களில் வானம் மூடிக்கிடக்கும். சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை மேலே வந்தாலும் பஞ்சுப் பொதியைத்தான் பார்த்துவிட்டுப் போகும். மேகத்தைத் துளைத்துப் பார்க்க நுண்ணலை ராடார் வேண்டும். சென்டினல்-1 சுமார் 5.5 சென்டிமீட்டர் அலைநீளத்தில் அலைகளை அனுப்பி, திரும்பும் எதிரொலியை அளக்கிறது. மழை பெய்த இரவில் மகிழுந்தின் விளக்கொளியில் தார்ச்சாலை கறுப்பாகத் தெரிவதைக் கவனித்திருக்கிறீர்களா? ஈரச் சாலை கண்ணாடிபோல ஒளியை முன்னோக்கித் தள்ளிவிடுகிறது. ஓட்டுநருக்குத் திரும்பி வருவதில்லை. நாற்று நட்ட, நீர் நிறைந்த வயலும் ராடாருக்கு அப்படித்தான் கறுப்பாகத் தெரியும். பயிர் தண்டு விட்டு எழ எழ எதிரொலி கூடிப் படம் வெளுக்கும். கறுப்பிலிருந்து வெளுப்புக்கு மாறிய நாளைப் பார்த்து நடவு நாளையே சொல்லிவிடலாம். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடும் ஒரு சுவிஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து 2010-களில் இவ்வழியில் நம் மாநிலத்தின் நெல் பரப்பைப் படமாக்கியது. அந்தப் பணி பயிர்க் காப்பீட்டுக்கும் பயன்பட்டது.

நெல்லுக்கு அந்த அடையாளம் உண்டு. நம் புஞ்சைக்கு? மக்காச்சோளம் நீரில் நிற்பதில்லை. சோளத்தோடு துவரையும் மொச்சையும் கலந்து விதைப்பது நம்மவர் வழக்கம். நிலக்கோட்டையில் ஒரே ஏக்கரில் பூவும் காயும் இருக்கும். தஞ்சைச் சமவெளிக்குத் தைத்த சட்டை திண்டுக்கல்லுக்குப் பொருந்தாது. 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் துணைக்கோள் 24 சென்டிமீட்டர் அலைநீளத்திலும் பார்க்கிறது. இந்த நீண்ட அலை செடிக்குள் இன்னும் ஆழமாக ஊடுருவும். புஞ்சைப் பயிர்களைப் பிரித்தறிய அது உதவும் என்பது என் எதிர்பார்ப்பு. ஆனால் அதற்கும் யாராவது இந்தச் செம்மண்ணில் நடந்து, "இந்தக் கட்டம் சோளம், இந்தக் கட்டம் கம்பு" என்று ஆயிரம் இடங்களில் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

அந்த எழுத்துக்கு நம் ஊரில் பழைய பெயர் ஒன்று இருக்கிறது: அடங்கல். எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதி வைக்கும் ஏடு. காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் உழவர் அதன் நகலைத்தான் கேட்டு வாங்கிக் கொடுக்கிறார். வயலுக்குப் போகாமல் சாவடியில் உட்கார்ந்தே அடங்கல் எழுதுவதும் உண்டு என்பதை உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2024 நவம்பரில் தமிழக அரசு மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவர்களையே வயலில் இறக்கியது. அவர்கள் படிப்பைக் கெடுப்பது பற்றிய குறை எனக்கும் உண்டு. என்றாலும், வானத்துக் கண்ணுக்கு அடங்கல் ஏட்டின் துணை வேண்டும் என்ற உண்மை அதில் வெளிப்பட்டது.

படம் பணமாக மாறும் இடத்தையும் பாருங்கள். நடுவண் அரசு 2023 காரிப் பருவத்திலிருந்து யெஸ்-டெக் என்னும் முறையைக் கொண்டுவந்தது. நெல்லுக்கும் கோதுமைக்கும், அறுவடைச் சோதனை காட்டும் விளைச்சலோடு தொழில்நுட்பம் மதிப்பிடும் விளைச்சலையும் 30 விழுக்காடு எடையில் கலக்க வேண்டும். கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். உறுதி செய்யப்பட்ட விளைச்சல் ஏக்கருக்கு 2,000 கிலோ. காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய். அறுவடைச் சோதனை 1,500 கிலோ என்கிறது. பழைய முறையில் இழப்பு 25 விழுக்காடு. இழப்பீடு 9,000 ரூபாய். துணைக்கோள் வழிக் கணக்கு 1,800 கிலோ என்று சொன்னால்? 1,500-இல் 70 விழுக்காடும் 1,800-இல் 30 விழுக்காடும் சேர்ந்து 1,590. இழப்பு 20.5 விழுக்காடு, இழப்பீடு 7,380 ரூபாய். மாறாக 1,200 கிலோ என்று சொன்னால், கலவை 1,410. இழப்பீடு 10,620 ரூபாய். இரு படங்களுக்கும் இடையே ஏக்கருக்கு 3,240 ரூபாய். சோதனைக்குச் சென்றவரைப் பார்த்து, "ஏன் ஐயா குறைத்து எழுதுகிறீர்?" என்று உழவர் கேட்கலாம். படத்தைப் பார்த்து யாரிடம் கேட்பது?

இதனால் படமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். கையூட்டுக்கும் சோம்பலுக்கும் ஆட்படாத சாட்சி அது. இரண்டரை சென்ட்டைப் பார்த்து ஊரை எடைபோடும் முறைக்குப் பெரிய துணை. என் வாதம், அலுவலகத்தின் வேலையில் படத்துக்கு எந்த இடம் என்பதில்தான். பெரும்பாலும் அதைக் கடைசியில் வைக்க விரும்புகிறார்கள், தீர்ப்பு எழுதும் இடத்தில். நான் அதை முதலில் வைப்பேன். விதைத்த முதல் மாதத்திலேயே, எந்த ஊரில் விதைப்பே நடக்கவில்லை என்று படம் காட்டட்டும். பருவத்தின் நடுவில், எங்கே குறியீடு இறங்குகிறதோ அங்கே அலுவலரை அனுப்பட்டும். அறுவடைச் சோதனைக்கு எந்த வயல் என்பதைப் படத்தைக் கொண்டு வகைபிரித்து, நல்ல பயிர், நடுத்தரம், நலிந்தது என்று மூன்றிலிருந்தும் சமவாய்ப்பில் பொறுக்கட்டும். புது தில்லியில் 2012-இல் நிறுவப்பட்ட மகாலநோபிஸ் தேசியப் பயிர் முன்கணிப்பு மையம் இத்தகைய தேர்வு முறையை முயன்று பார்த்திருக்கிறது. அந்தப் பெயருக்கு ஏற்ற வேலை! அப்படிச் செய்தால் அதே நான்கு சோதனை பன்மடங்கு பயன் தரும். சாலையோர வயலை அறுத்துவிட்டு வருகிறவரையும் படம் காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்தது, படத்தை ஊருக்குக் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அவற்றுள் நவம்பர் 1-ம் ஜனவரி 26-ம் நம் மானாவாரிப் பருவத்துக்கு அளவெடுத்து வைத்ததுபோல் அமைந்த நாட்கள். முதலாவது விதைப்பை ஒட்டி, அடுத்தது அறுவடையை ஒட்டி. அந்தப் பருவத்தின் படத்தைச் சர்வே எண்ணோடு பெரிதாக அச்சிட்டுச் சாவடிச் சுவரில் ஒட்டினால் என்ன செலவாகும்? "இது தரிசு, இது கருவேலம், இது என் சோளம்" என்று ஊரார் விரல் வைத்துச் சொல்வார்கள். திருத்தத்தை அங்கேயே எழுதி, கையெழுத்து வாங்கி, அலுவலகத்துக்கு அனுப்பலாம். ஹைதராபாத்திலோ கோயம்புத்தூரிலோ கணினி முன் இருப்பவருக்கு அதைவிடச் சிறந்த கள ஆய்வு வேறென்ன வேண்டும்? வணிக நிறுவனங்கள் தம் கணக்குகளை வெளியே காட்டத் தயங்குவது இயல்பு. ஆனால் பிரிமியத்தின் பெரும்பகுதி அரசுப் பணம், அதாவது நம் பணம். படமெடுத்த துணைக்கோளும் பொதுப்பணத்தில் பறப்பது. மறைப்பதற்கு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

இதில் உங்களுக்கும் வேலை உண்டு. உங்கள் ஊரில் ஐந்து புலங்களைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை பயிரின் பெயர், உயரம், பூத்ததா இல்லையா என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். இஸ்ரோவின் புவன் தளத்திலோ சென்டினல் படங்களைக் கட்டணமின்றித் தரும் ஐரோப்பியத் தளத்திலோ அதே புலங்களைப் பள்ளிக் கணினியில் பாருங்கள். மேகமில்லாத நாளின் பச்சைக் குறியீட்டைக் குறிப்பேட்டின் ஓரத்தில் குறியுங்கள். ஒரு பருவம் முடிந்ததும் வரைபடத் தாளில் வரைந்து, உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். எந்த இடத்தில் படமும் கண்ணும் ஒத்துப்போகவில்லையோ அந்த இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட மறவாதீர்கள். வகுப்பில் பேசத் தக்கது அதுதான்.

என் மாமா இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை கைப்பேசியில் அழைக்கிறார். "மாப்ள, மேல இருந்து நம்ம புஞ்சை எப்படித் தெரியுது?" என்பார். போன தடவை, "வடமேற்கு மூலையில் ஒரு கட்டம் மட்டும் தொடர்ந்து வெளிறியே இருக்கிறது மாமா, அங்கே மண்ணில் ஏதோ குறை, பரிசோதனைக்கு அனுப்புங்கள்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அது களத்து மேடு மாப்ள. உங்க தாத்தா காலத்துல இருந்து அங்கதான் போர் அடிக்கிறோம்."